பரானாவின் போலந்துக்காரர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு பிரேசிலில் பரானா என்றொரு மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகர் குரிச்சிபா. வரைபடத்தில் குரிடிபா என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் ஊர்க்காரர்கள் வாயில் ‘சி’ வந்துவிடும். அந்த நகரத்தைச் சுற்றியும், அதற்குத் தெற்கே உள்ள சிற்றூர்களிலும், போலந்திலிருந்து கப்பலேறி வந்த விவசாயிகளின் வாரிசுகள் ஒன்றரை நூற்றாண்டாக வாழ்ந்து வருகிறார்கள். இவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் வழக்கமாக வரும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலில் போனது யார்?

அப்போது ஜெர்மானியரின் பிரஷ்ய அரசு ஆண்ட சிலேசியாவில் ஓபோலே பக்கம் ஷோல்கோவித்சே என்று ஒரு கிராமம். அங்கிருந்து சில குடும்பங்கள் 1869ல் பிரேசிலின் சாந்தா கத்தரினா மாநிலத்துக்கு வந்து, புருஸ்கி என்ற ஊருக்குப் பக்கத்தில் இறங்கின. அது ஜெர்மானியர்களின் குடியேற்றம். பிரஷ்ய ஆட்சி பிடிக்காமல் கடல் தாண்டி வந்தவர்களுக்கு இங்கேயும் அக்கம்பக்கமெல்லாம் ஜெர்மன். வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை. 1871ல் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு, குளிரான மேட்டுநிலமான குரிச்சிபாவுக்குக் கிளம்பிவிட்டார்கள். நகரத்தின் ஓரத்தில் பிலர்சீன்யோ என்ற இடத்தில் குடியமர்ந்தார்கள்.

இந்த இடமாற்றத்துக்கு ஓடியாடி அனுமதி வாங்கியவர் அதே கிராமத்துக்காரரான செபாஸ்தியன் வோஷ். பிரஷ்யப் பட்டாளத்தில் சேராமல் தப்பி வந்தவர் என்பதால் எட்மண்ட் சபோர்ஸ்கி என்று பெயரை மாற்றிக்கொண்டார். நில அளவை வேலை பார்த்தார். பிரேசிலில் போலந்துக் குடியேற்றத்தின் தந்தை என்று இன்றைக்கும் இவரைத்தான் சொல்கிறார்கள்.

அப்போது போலந்து என்று ஒரு நாடே இல்லையே?

இல்லைதான். 1772, 1793, 1795 என்று மூன்று தவணைகளில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. மறுபடி நாடாக எழுந்தது 1918ல். நடுவில் பிரேசில் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களைக் குமாஸ்தாக்கள் ரஷ்யர், ஜெர்மானியர், ஆஸ்திரியர் என்று எழுதி வைத்தார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு இன்றுவரை சரியாகக் கூடாததற்கு இதுதான் காரணம். முதல் உலகப் போருக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வந்திருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதில் மிகப் பெரிய பங்கு பரானாவுக்கு.

எதற்காக அவ்வளவு தூரம்?

நிலத்துக்காக. ஆஸ்திரியாவின் பிடியிலிருந்த கலீசியாவில் இருந்த துண்டு நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்து, கடைசியில் ஒரு வண்டி நிறுத்துகிற அகலம்தான் மிஞ்சியது. பிரேசிலிலோ ஒரு குடும்பத்துக்கு, பல குடியேற்றங்களில், சுமார் 25 ஹெக்டேர். 1888ல் அடிமை முறை ஒழிந்திருந்தது. அரசுக்கு ஐரோப்பியக் குடியானவர்கள் தேவைப்பட்டார்கள், கப்பல் கட்டணத்தையும் அதுவே கட்டியது. தலைக்கு இவ்வளவு என்று தரகு வாங்கிய ஏஜென்டுகள் கிராமம் கிராமமாகப் போனார்கள். 1890ல் பற்றிக்கொண்ட இந்த வேகத்துக்குப் போலந்தில் ‘பிரேசில் காய்ச்சல்’ என்றே பெயர்.

ஆனால் தரகர் பேச்சை மட்டும் நம்பி யாரும் வீட்டை விற்பதில்லை. கதைகளும் வேண்டும். கலீசியாவில் உலவிய ஒன்று: பரானா இத்தனை காலமும் மூடுபனிக்குள் மறைந்து கிடந்ததாம். போலந்து ஏழைகள் படும் பாட்டைப் பொறுக்காமல் மாதா பனியை விலக்கி, அந்த நிலத்தைக் காட்டிக் கொடுத்தாராம். இன்னொன்று, 1889ல் இறந்துபோன ஆஸ்திரிய இளவரசர் ருடோல்ப் பற்றியது. அவர் சாகவே இல்லை, பிரேசிலில் ராஜாங்கம் நடத்துகிறார், தன் குடியானவர்களைக் கூப்பிட்டனுப்புகிறார் என்று சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், குரிச்சிபா பக்கம் காலையில் உண்மையாகவே மூடுபனி இறங்கும். முதல் நாள் காலையில் எழுந்து பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

நிலம் சும்மா கிடந்ததா?

இந்தக் கேள்வியை வம்சாவளி விழாக்களில் யாரும் அதிகம் கேட்பதில்லை. நிலம் சும்மா கிடக்கவில்லை. ஷோக்லெங், கைங்காங் பழங்குடிகளின் காடு அது. லுசேனா (இன்றைய இத்தயோபொலிஸ்) போன்ற குடியேற்றங்களில் ஷோக்லெங் மக்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் மோதல் நடந்தது. பழங்குடிகளை வேட்டையாடுவதற்கென்றே கூலிப்படைகள் ஏவப்பட்டன. வந்தவர்கள் ஏழைகள்தான், ஏமாற்றப்பட்டவர்களும்தான். அதற்காக இந்தப் பக்கத்தை விட்டுவிட முடியாது.

வந்தவர்கள் பட்டதும் கொஞ்சமல்ல. நிலத்துக்குத் தவணை கட்ட வேண்டும். அதற்கு முதலில் காட்டை வெட்ட வேண்டும். தங்குவதற்கு ஒரு கொட்டகை, அதில் பல குடும்பங்கள். குருஸ் மஷாதோ என்ற குடியேற்றத்தில் 1911ல் வந்து சேர்ந்தவர்களிடையே டைபஸ் காய்ச்சல் பரவிப் பெருமளவில் செத்தார்கள்.

என்ன தொழில் செய்தார்கள்?

குரிச்சிபாவைச் சுற்றி இருந்தவர்கள் நகரத்துக்குக் காய்கறி, பால், முட்டை, விறகு கொண்டுவந்தார்கள். 1870களில் மாகாணத்தை நிர்வகித்த லமேன்யா லின்ஸ் திட்டமிட்டதே அதற்காகத்தான். அப்ராஞ்சஸ், சாந்தா கான்திதா, ஓர்லியான்ஸ் என்று அப்போது எழுந்த குடியேற்றங்கள் இன்று குரிச்சிபாவின் பேட்டைகள். உள்ளே தள்ளி இருந்தவர்கள் கோதுமை போன்ற ரை தானியமும் சோளமும் விதைத்தார்கள், மாத்தே இலை பறித்தார்கள். மாத்தே என்பது தேயிலை மாதிரி வெந்நீரில் ஊறவைத்து, சுரைக்குடுவையிலிருந்து உலோகக் குழலால் உறிஞ்சிக் குடிப்பது. ரஷ்ய, ஆஸ்திரிய மண்ணிலிருந்து வந்தவர்கள் இதில் சீக்கிரமே ஊறிப்போனார்கள். சாவ் மத்தேவுஸ் தோ சுல் என்ற ஊரில் போலந்துப் பெயர்களும் மாத்தே வியாபாரமும் பிரிக்க முடியாதவை.

பிள்ளைகள் எங்கே படித்தார்கள்?

அரசுப் பள்ளி வரும் வரை காத்திருக்கவில்லை. 1876லேயே ஓர்லியான்ஸில் ஹியரோனிம் துர்ஸ்கி என்ற ஆசிரியர் முதல் போலிஷ் (போலந்து மொழி) பள்ளியைத் தொடங்கினார். போலிஷும் போர்த்துகீசும் சேர்ந்த ஓர் அரிச்சுவடியை 1893ல் அவரே வெளியிட்டார். 1890ல் குரிச்சிபாவில் போலந்தின் விடுதலை வீரர் தடேயுஷ் கொஷ்சியுஷ்கோ பெயரில் சங்கம், 1892ல் ‘கஸேத்தா போல்ஸ்கா’ பத்திரிகை என்று அடுத்தடுத்து வந்தன.

1930களில் பிரேசில் முழுக்க முந்நூறுக்கும் மேல் போலிஷ் பள்ளிகள். இரண்டு பள்ளிக் கூட்டமைப்புகள் வேறு: ஒன்று மதச்சார்பற்றது, இன்னொன்று கத்தோலிக்கம். இரண்டுக்கும் ஓயாத சண்டை. சங்கம் என்று இருந்தால் போட்டிச் சங்கம் இருக்கத்தானே செய்யும்.

அப்புறம் என்ன ஆனது?

1937 நவம்பரில் கெத்தூலியோ வர்காஸ் சர்வாதிகார ஆட்சியை அறிவித்தார். 1938ல் ஆணைகள் வரிசையாக வந்தன. கிராமப் பள்ளிகளில் எல்லாப் பாடமும் போர்த்துகீசில்தான், பொறுப்பில் இருப்பவர் பிறப்பால் பிரேசில்காரராக இருக்க வேண்டும், 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வேற்றுமொழி சொல்லித்தரக் கூடாது. போலிஷ் பள்ளிகள் மூடப்பட்டன, பத்திரிகைகள் நின்றன. பொது இடத்தில் போலிஷ் பேசினால் போலீஸ் தொந்தரவு. இரண்டாம் உலகப் போரில் போலந்து பிரேசிலின் நேச அணியில்தான் இருந்தது என்பதெல்லாம் இங்கே எடுபடவில்லை.

ஒரு சின்ன உதாரணம் போதும். குரிச்சிபாவில் ‘யூனாக்’ என்று ஒரு போலந்து விளையாட்டுச் சங்கம் இருந்தது. போலிஷில் அந்தச் சொல்லுக்குத் துடிப்பான இளைஞன் என்று அர்த்தம். அந்தப் பெயர் ‘ஜுவென்துஸ்’ ஆனது. லத்தீனில் இளமை. முதல் எழுத்தும் காப்பாற்றப்பட்டது, பொருளும் ஓரளவு காப்பாற்றப்பட்டது, மொழி மட்டும் போனது.

அப்படியும் மொழி எப்படித் தப்பித்தது?

அடுப்படியிலும் மாதா கோயிலிலும். பள்ளிக்கூடம் போனதால் எழுத்து போய்விட்டது, பேச்சு மட்டும் தங்கியது. 1940களில் வளர்ந்த தலைமுறையில் போலிஷ் சரளமாகப் பேசுவார்கள், ஜெபம் சொல்வார்கள், ஆனால் ஒரு கடிதம் எழுதச் சொன்னால் போர்த்துகீசு எழுத்துக்கூட்டலில் எழுதுவார்கள். ‘லூத்’ என்ற பத்திரிகை 1920ல் தொடங்கி, தடையில் நின்று, 1947ல் மறுபடி வந்து 1999 வரை தாக்குப்பிடித்தது. ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே போனார்கள்.

இவர்கள் பேசுவது வார்சாவில் பேசும் போலிஷா?

இல்லை, அதுதான் அழகு. 19ஆம் நூற்றாண்டின் கிராமத்துப் போலிஷ் அது, பல வட்டார வழக்குகள் ஒன்றோடொன்று கலந்தது. அதற்கு மேல் போர்த்துகீசு. போலந்தில் பார்த்தேயிராத பொருளுக்கெல்லாம் புது ஊரின் சொல் ஒட்டிக்கொண்டது. கடைக்கு ‘வெண்டா’. காடு திருத்தும் பெரிய கத்திக்கு ‘ஃபாக்கோன்’. தினசரிச் சாப்பாட்டின் பீன்ஸுக்கு ‘ஃபிஜோன்’. காட்டை எரித்துத் திருத்திய புனத்துக்கு ‘ரோசா’. போலிஷில் வயலுக்கு நல்ல சொல் இருக்கிறது, ஆனால் எரித்த அடிக்கட்டைகளுக்கு நடுவே சோளம் ஊன்றுகிற இடத்தை அவர்களுக்கு வயல் என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்தச் சொற்களுக்கெல்லாம் போலிஷ் வேற்றுமை உருபு சேர்த்துப் பேசுவார்கள். நமக்கு இது புரியாத விஷயமில்லை. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, பீப்பாய் எல்லாம் அதே போர்த்துகீசிலிருந்து வந்து, ‘ஜன்னலில்’, ‘சாவியை’ என்று நம் உருபைப் போட்டுக்கொண்டு நம் வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிட்டவைதானே.

‘போலாக்கோ’ என்று கூப்பிட்டால் கோபம் வருமா?

கூப்பிடுகிற ஆளைப் பொறுத்தது. போலிஷ் மொழியிலேயே ஓர் ஆணைக் குறிக்கும் சொல் ‘போலாக்’தான். ஆனால் பிரேசிலில் ‘போலாக்கோ’ என்றால் முட்டாள், அழுக்கன், நாட்டுப்புறத்தான் என்ற ஏளனம் ஏறிக்கொண்டது. ‘போலாக்கா’ என்ற பெண்பால் வடிவத்துக்கு ரியோ போன்ற நகரங்களில் விலைமாது என்றே பொருள் இருந்தது. அதனால் படித்தவர்களும் சங்கத்துக்காரர்களும் ‘போலொனேஸ்’ என்ற மரியாதையான சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். குரிச்சிபாக்காரர்களில் ஒரு சாரார் மட்டும் விடவில்லை: எங்கள் தாத்தா போலாக்கோவாகத்தான் வந்தார், நாங்களும் போலாக்கோதான் என்கிறார்கள். போலந்து வம்சத்துத் தந்தைக்கும் ஆப்பிரிக்க வம்சத்துத் தாய்க்கும் குரிச்சிபாவில் பிறந்த கவிஞர் பவுலோ லெமின்ஸ்கி (1944–1989) இந்தச் சொல்லைத் தயங்காமல் தனக்கு வைத்துக்கொண்டவர். விவாதம் இன்னும் முடியவில்லை. வசைச்சொல்லை எதிரி கையிலிருந்து பிடுங்கிக்கொள்வதுதான் சரி என்பது என் கட்சி, ஆனால் அந்த வசையைப் பள்ளியில் வாங்கியவன் நானில்லை.

மறுமலர்ச்சி எப்போது தொடங்கியது?

தேதியோடு சொல்லலாம்: 1980 ஜூலை 5. போலந்தில் பிறந்த போப் இரண்டாம் ஜான் பால் குரிச்சிபாவுக்கு வந்தார். கோத்தோ பெரெய்ரா கால்பந்து மைதானத்தில் போலந்து வம்சத்தாரைச் சந்தித்து, போலிஷில் பேசினார். நாற்பது வருடமாக வெளியில் பேசக் கூச்சப்பட்ட மொழி அது. அதை ஒரு போப், மைதானம் நிறைய மக்களுக்கு முன்னால், ஒலிபெருக்கியில் பேசுகிறார்! வீட்டில் ‘நீ பேசாதே, சிரிப்பார்கள்’ என்று தடுத்த அம்மாக்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சந்திப்புக்காக, பழைய குடியேற்றம் ஒன்றிலிருந்து ஒரு மரவீட்டைக் கழற்றிக்கொண்டு வந்து மைதானத்தில் நிறுத்தியிருந்தார்கள். போப் அதை ஆசீர்வதித்தார். அதே ஆண்டு டிசம்பரில் அந்த வீட்டையும் வேறு வீடுகளையும் வைத்து ஒரு நினைவுப் பூங்கா திறக்கப்பட்டது. ஊரில் அதற்குப் ‘போப் காடு’ என்று பெயர். 1990ல் ‘பிராஸ்போல்’ என்ற போலந்து வம்சத்தார் அமைப்பு குரிச்சிபாவில் தொடங்கி, சிற்றூர்களிலெல்லாம் கிளை வைத்தது.

அந்தப் பூங்காவில் என்ன இருக்கிறது?

முன்பு மெழுகுவர்த்தித் தொழிற்சாலை இருந்த நிலம். அதில் அரௌகாரியா மரங்களுக்கு நடுவே ஏழு மரவீடுகள். அரௌகாரியா பரானாவின் சொந்த மரம். நெட்டையாக வளர்ந்து, உச்சியில் மட்டும் கிண்ணம் ஏந்தினதுபோல் கிளை விரிக்கும். முழுமுழு மரத்தண்டுகளைச் செதுக்கி, மூலையில் ஒன்றுக்குள் ஒன்று கொளுவி அடுக்கிய சுவர்கள். போலந்தில் ஊசியிலை மரத்தில் செய்த அதே தச்சு, மரம்தான் வேறு. ஒரு வீட்டைக் கருப்பு மாதாவுக்குச் சிற்றாலயமாக்கியிருக்கிறார்கள். போலந்தின் செஸ்தொகோவா நகரத்து மாதா அவர். பழைய குதிரை வண்டி ஒன்று நிற்கிறது. முட்டைக்கோஸைப் புளிக்கவைக்கும் பெரிய மரப் பீப்பாய் ஒன்றும் இருக்கிறது. அதை அங்கே போர்த்துகீசில் ‘பீப்பா’ என்கிறார்கள். நம் பீப்பாய்க்கும் அதுதான் தாய்ச்சொல்.

நடனக் குழுக்கள் ஆடுவது பாட்டன் பூட்டன் ஆடிய ஆட்டமா?

பெரும்பாலும் இல்லை. குரிச்சிபாவின் ‘விஸ்வா’ குழு 1928லேயே தொடங்கியது, அது பழசு. சாவ் மத்தேவுஸில் ‘கரோலின்கா’, மலேயில் ‘மசூரி’ என்று இன்னும் பல. மேடையில் பார்த்தால் பெண்கள் பாசிமணி தைத்த ரவிக்கை, தலையில் பூவளையம், முதுகில் ரிப்பன். ஆண்கள் மயிலிறகு செருகிய சிவப்புத் தொப்பி. இது கிராக்கோவ் பகுதி உடை. ஆனால் பரானாவுக்கு வந்தவர்களில் பலர் சிலேசியா, மசோவியா, கலீசியாவின் மற்ற மாவட்டங்கள் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். பலருக்கும் சொந்தமாக இருந்ததே மாற்றுத்துணி ஒன்றுதான்.

போருக்குப் பின் போலந்து அரசு நடத்திய பெரிய மேடைக் குழுக்கள் ஒரு பாணியை உருவாக்கின. ஷெஷுவ் நகரில் 1969 முதல் நடக்கும் புலம்பெயர் குழுக்களின் விழா அதை உலகமெங்கும் பரப்பியது. பரானாவின் பிள்ளைகள் கற்றுக்கொண்டது அந்தப் பாணியை. ஆக, இழந்தது ஒன்று, மீட்டது வேறொன்று. இதைப் போலி என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. வாரம் இரண்டு சாயங்காலம் ஒரு கொட்டகையில் கூடி ஓபெரெக் சுழன்று ஆடுகிற பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அதுதான் நிஜம். ஆனால் தாத்தாவின் ஆட்டம் இது என்று அறிவிப்பாளர் சொல்லும்போது கொஞ்சம் நெளியத்தான் வேண்டியிருக்கிறது.

சாப்பாடு?

பியரோகி. பார்க்கச் சோமாசி, செய்முறையில் கொழுக்கட்டை: மாவை மெல்லிசாகத் தேய்த்து, உள்ளே உருளைக்கிழங்கும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வைத்து, அரைவட்டமாக மடித்து ஓரத்தை அழுத்தி, கொதிக்கும் நீரில் போட்டு எடுப்பது. பரிமாறும்போது மேலே கிரீமோ, வதக்கிய பன்றிக்கொழுப்போ. குரிச்சிபாவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் யார் வேண்டுமானாலும் வாங்கித் தின்பது. பூர்விகம் கேட்பதில்லை. வாத்து ரத்தத்தில் செய்யும் ‘சர்னினா’ சூப்புக்குத்தான் பூர்விகம் வேண்டும்.

போலிஷ் எங்காவது ஆட்சிமொழியா?

இருக்கிறது. பக்கத்தில் ரியோ கிராந்தே தோ சுல் மாநிலத்தில் அவுரேயா என்ற சின்ன ஊர், சில ஆயிரம் பேர்தான். 2022ல் போர்த்துகீசோடு போலிஷையும் உள்ளூர் ஆட்சிமொழியாக ஏற்றுக்கொண்டது. நடைமுறையில் என்ன மாறும் என்று கேட்டால், பெயர்ப்பலகை, பள்ளியில் ஒரு பாடம், விழா. அவ்வளவுதான் என்று உதட்டைப் பிதுக்கலாம். 1938ஐ நினைத்துப் பார்த்தால் அப்படிப் பிதுக்க முடியாது.

இதெல்லாம் ஐரோப்பிய பாஸ்போர்ட்டுக்காகத்தானே?

ஓரளவு உண்மை. 2004ல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் தாத்தாவின் பெட்டியைத் தூசி தட்டாத வீடு குறைவு. ஆனால் கிடைப்பது லேசில்லை. போலந்துக் குடியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது 1920ல். 1890ல் கப்பலேறியவர் ரஷ்யாவின் குடிமகனாகவோ ஆஸ்திரியாவின் குடிமகனாகவோதான் கிளம்பினார். இல்லாத குடியுரிமையைப் பேரனுக்கு எப்படி விட்டுப்போவார்? பெயரும் காலை வாரும். விஷ்னியெவ்ஸ்கி என்று வந்தவரைப் பிரேசில் குமாஸ்தா காதில் விழுந்தபடி விஸ்னெஸ்கி என்று எழுதியிருப்பார்.

2019 முதல் இன்னொரு வழி திறந்தது. ‘போலந்து வம்ச அட்டை’ அதுவரை பழைய சோவியத் நாடுகளில் இருந்தவர்களுக்கு மட்டும் தரப்பட்டது. பிறகு எல்லா நாட்டவர்க்கும் என்றானது. அது குடியுரிமை அல்ல, ஆனால் போலந்தில் வேலை பார்க்கவும் படிக்கவும் உதவும். அதற்கு வம்சச் சான்று மட்டும் போதாது, அடிப்படைப் போலிஷ் பேசத் தெரிய வேண்டும். ஆக, அட்டைக்காக வகுப்பில் சேர்ந்து, அட்டை கிடைக்காமலே மொழியோடு தங்கிவிட்டவர்களும் உண்டு. காரணம் எதுவானால் என்ன, வகுப்பில் ஆள் இருக்கிறது.

இளையவர்கள் உண்மையிலேயே பேசுகிறார்களா?

சிலர். பரானா கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் 2009 முதல் போலிஷ் மொழிக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. அங்கே படிப்பது வார்சா போலிஷ். படித்துவிட்டு ஊருக்குப் போகிற பேத்திக்கும் ‘வெண்டா’, ‘ஃபாக்கோன்’ என்று பேசுகிற பாட்டிக்கும் நடுவில் ஒரு சங்கடம். தன் பேச்சு தப்பு, ஓட்டை, கலப்படம் என்று பாட்டியே நம்புகிறாள். படித்த பெண் முன்னால் வாயை மூடிக்கொள்கிறாள். முதலில் அரசாங்கம் அடக்கியது, அப்புறம் பள்ளிப் பிள்ளைகளின் கேலி, இப்போது நல்ல போலிஷ். இதைப் புரிந்துகொண்ட ஆய்வாளர்கள் சிற்றூர்களுக்குப் போய் பாட்டிகளின் பேச்சைப் பதிவு செய்கிறார்கள், திருத்தாமல்.

ஒரே ஒரு நாள் குரிச்சிபாவில் இருந்தால் எப்போது போவது?

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. போப் காட்டில் ‘ஷ்வியென்சோன்கா’ நடக்கும். கூடையில் வெள்ளைத் துணி விரித்து, வர்ணம் தீட்டிய முட்டை, ரொட்டி, தொத்திறைச்சி, உப்பு, காரமான ஒரு கிழங்குத் துருவல் எல்லாம் வைத்துக் கொண்டுவருவார்கள். மரவீடுகளுக்கு முன்னால் கூடைகள் வரிசையாக நிற்கும். பாதிரியார் நடந்துகொண்டே தண்ணீர் தெளிப்பார். சில கூடைகளில் சாக்லேட் முட்டையும் எட்டிப் பார்க்கும். அதற்கும் தண்ணீர் படும்.